பாப்பாவுக்கு, உன் காபி மிஷின் பற்றி

வலங்கைமான்
ஆடி 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நேற்று பதினெட்டாம் பெருக்கு. குடமுருட்டியில் தண்ணீர் நன்றாகப் போகிறது. அம்மா காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்தாள். உனக்கும் ஒரு மஞ்சள் கயிறு எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை வாங்கினால் நான் "சாப்பிட்டியா, சரி, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுகிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மிஷின் ஓடுகிறது பாப்பா. நேற்றுக் காலை அதில் காபி இறங்கியது. முதலில் கறுப்பாக நாலு சொட்டு, அப்புறம் எலி வால் கனத்தில் ஒரே இழையாக, தேன் நிறத்தில். கள்ளிச்சொட்டு என்று பாட்டி சொல்வாளே, அதை நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன்.

பொங்கலுக்கு நீ அதைப் பெட்டியில் சுற்றி எடுத்து வந்தபோது நான் பேசியது நினைவில் இருக்கிறது. இத்தாலியில், மிலானில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பை வாங்கி, லக்கேஜுக்கும் பணம் கட்டிக் கொண்டுவந்திருக்கிறாயே என்று கேட்டேன். நீ பதில் பேசவில்லை. கிளம்புகிற அன்று மட்டும், "அப்பா, உங்களால முடியுமான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதை நான் மறக்கவில்லை. நாற்பது வருஷம் பம்புசெட் வேலை பார்த்தவனிடம் அவன் பெண் முதல்முதலாக ஒரு வேலை கொடுத்திருக்கிறாள்.

ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. மாசியில் ஒருநாள் ராத்திரி மேஜையில் வைத்து லீவரைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. இது நம் கைப்பம்புதான். ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி வாஷர், மேலே ஒரு பிடி. கைப்பம்பு தண்ணீரைக் கீழேயிருந்து மேலே இழுக்கும், இது மேலேயிருந்து கீழே தள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான். கைப்பம்பில் பக்கெட் வாஷர் தோல், இதில் ரப்பர். அறுபது வருஷமாக ஒரே மாதிரி செய்துகொண்டு வருகிறார்கள் என்று நீ சொன்னதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. இதில் குறைக்க எதுவும் இல்லை.

நீ அனுப்பிய விவரங்களையெல்லாம் படித்தேன். 1901-இல் பெட்ஸேரா என்பவர் ஆவியால் காபி இறக்கும் மிஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். அதை பவோனி வாங்கி 1905-இல் மிலானில் செய்யத் தொடங்கினார். ஆனால் வெறும் ஆவி தள்ளினால் அழுத்தம் ஒன்றரை பாரைத் தாண்டாது (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), காபியில் கருகல் வாடை வரும். 1938-இல் அக்கீலே காஜ்ஜா ஆவியை விட்டுவிட்டு வெந்நீரையே அழுத்தித் தள்ளும் வழிக்குக் காப்புரிமை கேட்டார். யுத்தம் முடிந்தபிறகு ஸ்பிரிங் லீவர் மிஷின்கள் வந்தன, காபியின் மேல் அந்தப் பொன்னிற நுரையும் வந்தது. வீட்டுக்கென்று பவோனி கம்பெனி இந்த யூரோபிக்கோலாவைக் கொண்டுவந்தது 1961-இல். அது நான் பிறந்த வருஷம். உன் மிஷினில் ஸ்பிரிங்கும் கிடையாது. இழுக்கிற கைதான் எல்லாம்.

எவ்வளவு அழுத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். காபித்தூள் வட்டின் அகலம் 49 மில்லிமீட்டர். அதன்மேல் 9 பார் என்றால் ஏறக்குறைய 170 கிலோ. நம் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் கட்டுகிறார்களே, அதில் நாலு சிப்பத்தை அந்தச் சின்ன வட்டின் மேல் அடுக்கியது போல. லீவர் நீளமாக இருப்பதால்தான் அம்மா கையாலும் அதை இழுக்க முடிகிறது. ஏற்றம் இறைத்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன். நாளைக்கு இதை நீதான் பிரிக்க வேண்டியிருக்கும், அதனால் பொறுமையாகப் படி.

பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படம் வரைந்துகொண்டேன். பிஸ்டனில் இரண்டு வாஷர், இரண்டுக்கும் உதடு உண்டு. எந்த உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். உன் மிஷினில் இரண்டும் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. நெம்பும்போது துண்டு துண்டாக வந்தன. இரும்பு ஊசியால் நெம்பினால் பித்தளையில் கீறல் விழும், கீறல் விழுந்தால் புது வாஷர் போட்டாலும் ஒழுகும். மூங்கில் குச்சியைச் சீவி அதனால்தான் எடுத்தேன். புது வாஷரை வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டால் இளகிவிடும். உணவுக்கு ஆகும் சிலிகான் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவி உள்ளே விட்டேன். பம்புக்குப் போடும் கிரீஸை இதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

பாய்லரின் அடியில் ஹீட்டர் பெரிய மரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அளவு ஸ்பேனர் எங்கேயும் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் லேத் வைத்திருப்பவரிடம் இரும்புத் தகட்டில் ஒன்று வெட்டி வாங்கினேன். மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, நாலாம் நாள்தான் அசைந்தது. பலத்தால் திருகியிருந்தால் பாய்லர் கழுத்தே முறுக்கிக்கொண்டு போயிருக்கும். கழற்றியதும் மண்ணெண்ணெய் வாடை சுத்தமாகப் போகும்வரை சோப்புப் போட்டு இரண்டு நாள் கழுவினேன்.

உள்ளே முட்டை ஓடு கனத்துக்குச் சுண்ணாம்பு. அம்மா புளியைக் கொண்டுவந்தாள். பித்தளை என்றால் அவளுக்குப் புளிதான். உள்ளே பித்தளை, வெளியே குரோமியம் முலாம், புளி வேண்டாம் என்று சொல்லி, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து அரைமணி நேரம் நிறுத்தினேன். மூன்று தடவை அப்படிச் செய்ததும் சுத்தமாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. பாத்திரத் தெருவில் காட்டியபோது, உள்ளே ஈயம் பூசித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வெள்ளீயமா காரீயமா என்று கேட்டேன். அவர் தயங்கினார், நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதனால் தோஷமில்லை. காரீயம் விஷம். வெந்நீர் தேங்கி நிற்கும் பாய்லரில் சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது. அங்கே மிலானில் யாராவது பற்றவைத்துத் தருகிறேன் என்றாலும் இதைக் கேட்டுக்கொள்.

வயரைப் புதிதாக மாற்றி, உடம்போடு எர்த்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இப்போது நம் ஊர் மூன்று முள் பிளக் இருக்கிறது, அங்கே போனதும் மாற்றிக்கொள்.

உடைந்த கைப்பிடி மட்டும் ரொம்ப நாள் பாக்கி. தஞ்சாவூரில் வீணை செய்யும் இடத்தில் மிஞ்சிய பலாக்கட்டை ஒன்று கேட்டு வாங்கி, கடைசல்காரரிடம் கொடுத்தேன். பலா மரம் வெட்டும்போது மஞ்சளாக இருக்கும், வருஷம் ஆக ஆகச் சிவக்கும். உன் கையில் இருந்து சிவக்கட்டும் என்று வார்னிஷ் போடாமல் கொஞ்சம் எண்ணெய் மட்டும் தேய்த்திருக்கிறேன்.

இனி ஓட்டும் முறை. பாய்லரில் தண்ணீர் இல்லாமல் ஸ்விட்சைப் போடவே போடாதே, ஹீட்டர் எரிந்துபோகும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியும், முதலில் அதைப் பார். நம் போர் தண்ணீர் இதற்கு ஆகாது. உன் ஊர்க் குழாய்த் தண்ணீரும் கெட்டிலில் வெள்ளை படிய வைக்கிறது என்று காட்டினாயே, அதுவும் வேண்டாம். உன் மிஷினில் அழுத்தத்தைப் பார்த்துத் தானே நிற்கும் ஸ்விட்ச் இல்லை, இரண்டு சூடுதான். பெரிய சூட்டில் போட்டு, சேஃப்டி வால்வு சீறத் தொடங்கியதும் சின்னதுக்குத் திருப்பு. அதற்கு நடுவில் ஆவிக் குழாயை ஒருமுறை திறந்து மூடு. உள்ளே அடைபட்ட காற்று பொய் அழுத்தம் காட்டும், அது வெளியே போக வேண்டும்.

தூளில் நான் பத்து நாள் தடுமாறினேன். முதலில் வீட்டுப் பொடியையே போட்டேன். லீவர் வெண்ணெயில் கத்தி போல இறங்கிவிட்டது, கீழே வந்தது கழனித்தண்ணி. ஃபில்டருக்கு அரைத்தது இதற்குக் கொரகொரவென்று இருக்கிறது. கடையில் சிக்கரி சேர்க்காமல், பீபெரிக் கொட்டையும் கொஞ்சம் ரொபஸ்டாக் கொட்டையும் கலந்து, இன்னும் நைசாக அரைக்கச் சொன்னேன். அடுத்த தடவை லீவர் அசையவே இல்லை. கடைக்காரர் மூன்று முறை அரைத்துக் கொடுத்தார், ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. ரொபஸ்டா சேர்த்தால் நுரை கெட்டியாக நிற்கிறது. நம் நாட்டுக் காபியை அதிகம் வாங்குவது இத்தாலிதானாம். குடகில்தான் காவேரியும் பிறக்கிறது, காபியும் விளைகிறது. தண்ணீர் எங்களிடம் வருகிறது, கொட்டை உன்னிடம் வருகிறது. இதை நினைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

14 கிராம் தூளைப் பிடியோடு சேர்ந்த சல்லடைக் கிண்ணத்தில் போடு. சமமாகப் பரப்பி அழுத்து. பிடியை மாட்டி லீவரை மேலே தூக்கு. அப்போது பாய்லர் தண்ணீர் தானே உள்ளே இறங்கித் தூளை நனைக்கும். பம்புக்கு முதலில் தண்ணீர் ஊற்றிப் பிடிக்க வைப்போமே, அதுபோல எட்டுப் பத்து விநாடி பொறு. அவசரப்பட்டு இழுத்தால் தண்ணீர் ஒரு ஓரமாக வழி கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவிடும், மடையில் நண்டு வளை போட்ட மாதிரி. அப்புறம் ஒரே சீராக இறக்கு. 25 முதல் 30 விநாடியில் 30 கிராம் வரை வந்தால் போதும். தூள் நைசு போதுமா, சூடு சரியா, எல்லாமே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். எழுத்தில் இதற்கு மேல் சொல்ல எனக்கு வராது.

இறக்கியதும் பிடியை உடனே கழற்றாதே. உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கும், சுடுதூள் முகத்தில் அடிக்கும். பாய்லர் மூடியையும் அப்படித்தான்: ஸ்விட்சை அணைத்து, ஆவிக் குழாயைத் திறந்து, சீறல் முழுக்க அடங்கியபிறகுதான் திருக வேண்டும். இதை மட்டும் எனக்காக ஒருநாளும் மறக்காதே. இரண்டு மூன்று காபி தொடர்ந்து போட்டால் தலைப்பகுதி கொதித்துக் காபி கருகும். ஈரத்துணி சுற்றிக் கொஞ்சம் ஓய்வு கொடு.

அம்மா முதல் வாய் குடித்துவிட்டு, "கஷாயம்" என்றாள். அப்புறம் சுண்டக் காய்ச்சிய பாலில் கலந்து, டபராவில் ஆற்றிக் கொடுத்தேன். பேசாமல் குடித்தாள். இன்று காலையும் அதையே கேட்டாள். ஆனால் ஃபில்டரை அலமாரியில் ஏற்றிவிட்டேன் என்று நினைக்காதே. ராத்திரி போட்டுவைத்த டிகாக்‌ஷன் வாசனையில்தான் இந்த வீடு விடிகிறது. அது வேறு, இது வேறு.

பாப்பா, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது, முழு ஆண்டு லீவில் பட்டறைக்கு வந்து உட்காருவாய். ஒருநாள் பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைப் பிரித்து, நீயே திரும்பக் கோத்தும் வைத்திருந்தாய். சரியாகவே கோத்திருந்தாய். வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. "பொம்பளைப் பிள்ளைக்குக் கையில் கிரீஸ் எதுக்கு, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் நீ பட்டறைக்கு வரவே இல்லை. சிரித்தவர் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. நீ கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனது மறக்கவில்லை. இந்த ஆறு மாதமும் ஒவ்வொரு மரையைக் கழற்றும்போதும் அதுதான் ஞாபகம் வந்தது. நான் செய்தது தப்பு, பாப்பா. அன்றைக்குச் சொல்லித்தர வேண்டியதைத்தான் இன்றைக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் கீழ் வாஷர் இன்னும் லேசாகக் கசிகிறது. மணிக்கு ஒரு சொட்டு. மாற்ற அரைமணி நேரம்கூட ஆகாது, புது வாஷரும் கையில் இருக்கிறது. நான் மாற்றவில்லை. உனக்காக வைத்திருக்கிறேன். ஸ்பேனரைப் பட்டறை ஆணியிலும், வாஷரைப் பழைய பிஸ்கட் டின்னிலும் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது பழைய சட்டை ஒன்று எடுத்து வா. கிரீஸ் பட்டால் போகாது.

அன்புடன்,
அப்பா