அல்பா 0.9 வந்தால் போதுமா?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்களின் பாலியல் நலம் பற்றிய ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் ஒழுக்கநெறிக் குழுவினருக்கும், அவற்றுக்கு வழிகாட்டும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

"வினாக்கொத்தின் நம்பகத்தன்மை சோதிக்கப்பட்டது, குரொன்பாக் அல்பா 0.9" என்ற ஒற்றை வரியை நம்பி இனி அனுமதி கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். அல்பா என்பது ஒரு வினாக்கொத்தின் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்று காட்டும் எண்; 1ஐ நெருங்க நெருங்க இசைவு கூடும்.

இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி பயன்படுவது 2000ஆம் ஆண்டு வெளியான எவ்.எஸ்.எவ்.ஐ. (FSFI) என்ற, பெண்களின் பாலியல் செயற்பாட்டை அளக்கும் வினாக்கொத்து. கடந்த நான்கு கிழமைகளைப் பற்றி 19 கேள்விகள், ஆறு பிரிவுகள், முழுப்புள்ளி 36. 26.55க்கு மேல் எடுக்காதவருக்குக் குறைபாடு இருக்கலாம் என்று கொள்வார்கள். கணவன் கட்டாரில் வேலை செய்யும் அக்கரைப்பற்றுப் பெண் ஒருவர் இதை நிரப்பினால் என்ன நடக்கும்? கிளர்ச்சி, ஈரத்தன்மை, உச்சம், வலி ஆகிய நான்கு பிரிவுகளிலும் "பாலுறவு இல்லை" என்ற விடைக்கு 0. திருப்தியின் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் 0. ஆசைக்கு 6, திருப்திக்கு 4 என்று முழுதாகக் கொடுத்தாலும் அவர் 10ஐத் தாண்ட வழியே இல்லை. ஒரு குறையும் இல்லாத பெண் நோயாளிக் கணக்கில் சேர்கிறார்.

இதைவிட மோசம், இந்தப் பூச்சியங்கள் அந்த நான்கு பிரிவுகளின் எல்லாக் கேள்விகளிலும் ஒன்றாகவே விழுவதால் விடைகள் ஒன்றோடொன்று நன்றாக இசைவதுபோலத் தெரிந்து அல்பா ஏறிவிடும். பிழையே நற்சான்று ஆகிறது. எனவே அந்த நான்கு கிழமைகளில் பாலுறவில் ஈடுபட்டவர்களுக்கு மட்டும், பிரிவு பிரிவாக அல்பா கேளுங்கள். 0.7க்குக் கீழ் என்றால் திருத்தட்டும். 0.95க்கு மேல் என்றால் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

மறுசோதனையை, அதாவது அதே பெண்களிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்பதை, விட்டுவிடவே கூடாது. குறைந்தது 50 பேர், இரண்டு கிழமை இடைவெளி. இடையில் கருத்தடை முறை மாறியிருந்தால், கணவன் லீவில் வந்திருந்தால் அவரைச் சேர்க்க முடியாது. இரண்டு தடவைப் புள்ளிகளும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பார்க்கும் பியர்சன் இணைவுக்குணகம் இங்கே உதவாது. எல்லோரும் இரண்டாம் தடவை மூன்று புள்ளி கூட்டிச் சொன்னாலும் அது 1 என்றுதான் காட்டும். இரண்டு தடவையும் அதே புள்ளி வருகிறதா என்று, முழு உடன்பாட்டைப் பார்க்கும் ஐ.சி.சி. (ICC) என்ற குணகம் வேண்டும். புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியமவிலகல் 5, ஐ.சி.சி. 0.8 என்றால் அளவீட்டு வழு ஏறக்குறைய 2.2. இந்த வழு இரண்டு தடவையிலும் இருப்பதால், ஒரு பெண்ணின் புள்ளி 25இலிருந்து 28 ஆனதை வைத்து முன்னேற்றம் என்று எழுத முடியாது.

முதல் தடவை கிளினிக்கில் தனியாக நிரப்பியவரிடம், அடுத்த தடவை வீட்டு விறாந்தையில் மாமியார் பக்கத்தில் இருக்கக் குடும்பநல மாது வாசித்துக் கேட்டால் அது மறுசோதனையே அல்ல. வாசித்துக் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மற்றக் கேள்விகளில் "எப்போதும்" என்பது கூடிய புள்ளி. வலிக் கேள்விகளில் அதுவே ஆகக் குறைந்தது. களைத்துப்போனவர் எல்லாவற்றுக்கும் ஒரே விடையைச் சொல்லிவிடுவார். விடைகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டு, அவரே விரலால் காட்டட்டும்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள்: பாலுறவில் ஈடுபடாதவர்களை எப்படிக் கணக்கிடுவார்கள், மறுசோதனையை யார், எங்கே செய்வார்கள், வலி இருப்பதாகச் சொல்லும் பெண்ணை எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். வெறுமையாக விட்டு வரும் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் சுகாதார ஆய்வில் ஈடுபட்டிருப்போர்,
மட்டக்களப்பு