சிட்னியில் வீடு பார்க்கும் மகனுக்கு

கோபிசெட்டிபாளையம்,
ஆடி மாதம்.

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைக் கடைவீதியில் அச்செடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். ஏரியாவின் பெயர், வார வாடகை, நார்த் சிட்னி ஆபீசுக்கு எத்தனை நிமிடம், அந்தப் பகுதிப் பள்ளி நாப்லான் என்ற அந்த நாட்டுப் பொதுத் தேர்வில் வாங்கிய மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டி, மார்ஸ்டன் பார்க் முதலிடம் என்று மஞ்சள் அடித்திருக்கிறாய். கணக்கு டீச்சராகவே ஓய்வு பெற்றவள் நான். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அதில் மருமகளுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. போனில் இதை ஆரம்பித்தால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை முடிந்து மருமகளும் பாப்பாவும் அங்கே வந்த பிறகு, நாள் முழுக்க அந்த ஏரியாவில் இருக்கப்போவது நீ இல்லை. காலையில் கிளம்பி இருட்டின பிறகு திரும்பும் உனக்கு அது படுத்து எழுந்திருக்கும் இடம். மருமகள் கதை வேறு. வடவள்ளியில் ஸ்கூட்டியை எடுத்தால் வேலை, காய்கறி, பாப்பாவின் பள்ளி, அவள் அம்மா வீடு என்று எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்துவிடுகிறவள். அங்கே வந்த புதிதில் அவளுக்கு வேலையும் இருக்காது, வண்டியும் இருக்காது. நம் லைசென்ஸை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது; குடியேறி வருகிறவர்கள் சில மாதங்களுக்குள் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில லைசென்ஸுக்கு மாற வேண்டும், நம் நாட்டுக்காரர்கள் எழுத்துத் தேர்வும் எழுதி, வண்டியும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அங்கே இருக்கும் உன் சின்னம்மா சொன்னாள். நீ வாங்குவது எப்படியும் ஒரு கார்தான். அதை டலவாங் மெட்ரோ ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு நீ ரயில் ஏறிவிடுவாய். மார்ஸ்டன் பார்க்கில் ரயில் நிலையம் கிடையாது. பிறகு அவள் எங்கே போவாள், எதில் போவாள்?

இதை ஊகத்தில் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் உன் அப்பா திருப்பூரில் பிடித்த லைன் வீடு, அவருடைய பனியன் கம்பெனிக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. சங்கு ஊதும்போது சட்டையை மாட்டினால்கூடப் போதும், நேரத்துக்குப் போய்விடுவார். அந்த வசதியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். எனக்கு பஸ் ஸ்டாப் தூரம், நல்ல தண்ணீர்க் குழாய் அதைவிடத் தூரம். போர்வெல்லில் வருவதோ வாயில் வைக்க முடியாத உப்பு. அடுத்த லைனில் தையல் தைத்த அக்கா ஒருத்தி கூப்பிட்டுப் பேசியிருக்காவிட்டால் நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அந்த வீட்டைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் உன் அப்பா "சௌகரியமான வீடு" என்றுதான் சொல்வார். அவருக்குச் சௌகரியம்தான்.

சரவணம்பட்டிப் பக்கம் நீங்கள் வீடு தேடியபோது, சிறுவாணித் தண்ணீர் வருமா, பில்லூர்த் தண்ணீர் வருமா, போர்வெல் மட்டும்தானா என்று எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டது மருமகள்தான். நீ பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மாதிரிக் கேள்விகளை இப்போது அவள் சார்பில் நீ கேட்க வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என்னென்ன இருக்கின்றன? பால் வாங்கக் கடை, டாக்டர், நூலகம், பாப்பா விளையாடப் பூங்கா, ரயில் நிலையம். கூகுள் மேப்பில் பார்க்காதே, நடந்து பார். அதையும் ஒரு வேலை நாளில், காலை பதினோரு மணிக்குப் பார். உனக்கு லீவு கிடைக்கும் சனிக்கிழமையில் எல்லாத் தெருவும் கலகலப்பாகத்தான் இருக்கும். அந்தப் பதினோரு மணிக்குத் தெருவில் ஒரு மனித முகம்கூடத் தென்படவில்லை என்றால், வீடு அரண்மனையாக இருந்தாலும் அட்டவணையிலிருந்து அடித்துவிடு.

எனக்கு வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் பிடித்திருக்கிறது. கட்டடங்கள் பழசு, பார்வைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டேஷனை ஒட்டியே கடைத்தெரு. யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது, தமிழில் விலை கேட்கலாம். வென்ட்வொர்த்வில்லுக்கு அடுத்த ஸ்டேஷன் வெஸ்ட்மீட். பெரிய ஆஸ்பத்திரியும் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அங்கேதான். மேஸ் ஹில் முருகன் கோயிலும் தூரமில்லை. உனக்கும் கஷ்டமில்லை, அந்த மேற்கு லைன் ரயில் துறைமுகப் பாலத்தைத் தாண்டி நார்த் சிட்னிக்கே போகிறது. மெட்ரோவைவிடக் கொஞ்சம் நேரம் கூட ஆகலாம். உட்கார்ந்து போ.

அட்டவணையில் அந்த ஏரியாவுக்கு எதிரே "நம் ஆட்கள் அதிகம்" என்று குறைபோல எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்ஸ்டன் பார்க்கிலும் நம்மவர்கள் நிறையத்தான் கண்ணு, காருக்குள்ளேயே இருப்பதால் உன் கண்ணில் படவில்லை. பாப்பாவுக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்து, நீயும் ஊரில் இல்லாவிட்டால், கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். அது யாருடைய வீடாக இருந்தால் என்ன? அதற்காக அங்கேயும் போய் நம் வட்டாரம், நம் சொந்தம் என்று தேடித் திரியவும் வேண்டாம். முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் இருந்தால் போதும்.

பள்ளிக்கூடம் பற்றி நீ தூக்கம் கெட்டு யோசிப்பது தெரிகிறது. நாப்லான் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பாப்பாவுக்கு ஆறு வயது. பிள்ளைகளோடு காலம் கழித்தவள் சொல்கிறேன், இந்த வயதில் பள்ளியின் சராசரி மதிப்பெண்ணைவிட, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருப்பது பெரிது. அரசுப் பள்ளியில் முகவரியை வைத்துத்தான் இடம் என்பதால், தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றிருக்கும். வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துவிடு. உங்கள் விசாவுக்குப் பள்ளிக் கட்டணம் உண்டா என்றும் இப்போதே கேட்டுவிடு, சில விசாக்களுக்கு உண்டு. கிராவீன் உயர்நிலைப் பள்ளி பக்கத்தில் வாடகை கொடுக்க ஆசைப்பட்டாயே, அது தேர்வு எழுதி நுழைகிற பள்ளி. மதில் சுவரை ஒட்டி வீடு பிடித்தாலும் அதற்காக இடம் தரமாட்டார்கள். பள்ளி மூன்று மணி வாக்கில் விட்டுவிடும். மருமகள் பின்னால் வேலைக்குப் போனால் அதன் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அந்தப் பள்ளியிலேயே இருக்கிறதா, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று விசாரி. மதிப்பெண்ணைவிட அது முக்கியம்.

இனி வீடு. இப்போது அங்கே குளிர்காலம், வீட்டின் வண்டவாளம் தெரிகிற காலம். டூங்காபியில் சின்னம்மா வீட்டில் ஒரு ஜூன் மாதம் இருந்தேனே, விடிந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். பழைய துண்டை வைத்துத் துடைத்துப் பிழிவதே காலையில் முதல் வேலை. சுவர் அலமாரியில் அவள் வைத்திருந்த கூறைப் புடவையைப் பிரித்தால் மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. அந்த அறைக்குத் தெற்கில் மட்டும்தான் ஜன்னல். அந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்தே போகிறது. தெற்கு ஜன்னலில் குளிர்காலம் முழுக்க வெயில் எட்டிப் பார்க்காது. வடக்கு குபேரன் திசை என்று உன் அப்பா வாஸ்து சொல்வார். அங்கே அந்தத் திசைக்கு வேறு காரணம் இருக்கிறது, ஆனால் விடை ஒன்றுதான்: கூடத்துக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும். வீடு காட்டும் ஏஜென்ட் கால் மணி நேரம்தான் கொடுப்பார். அதற்குள் அலமாரிக் கதவுகளைத் திறந்து மூக்கை நுழைத்து மோந்து பார், வெட்கப்படாதே. புதுப் பெயின்ட் ஒரு மூலையில் மட்டும் அடித்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

கோடையையும் மறந்துவிடாதே. 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கு ஓரத்துப் பென்ரித்தில் 48.9 டிகிரி. ஈரோட்டு வெயிலில் வளர்ந்தவன் நீ. அங்கேயே அவ்வளவு கண்டதில்லை. மேற்கே போகப் போகக் கடல் காற்று வராது. புது லே-அவுட்டுகளில் கறுப்புக் கூரையும் முழங்கால் உயர மரக்கன்றும்தான். அந்த வெயிலில் அவள் பாப்பாவை எங்கே நடத்திக் கூட்டிப் போவாள்?

பண விஷயம் சுருக்கமாக. வாடகை வாரக் கணக்கு. 700 டாலர் என்றால் மாதம் 2,800 என்று நினைத்துவிடாதே, 52 வாரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 3,033 வருகிறது. அட்வான்ஸ் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசாங்கத்திடம் கட்டிவைக்கப்படும். வீட்டை நேரில் பார்க்காமல் யார் கேட்டாலும் ஒரு டாலர் அனுப்பாதே. குடி போனதும் வீட்டின் நிலையைக் குறித்த அறிக்கையை நிரப்பி ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீறல், கறை, ஆடும் கைப்பிடி எல்லாவற்றையும் எழுது, போட்டோவும் எடு. ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கே போடப் பார். நடுவில் காலி செய்தாலும், ஒப்பந்தக் காலத்தில் கால்வாசி முடியுமுன் என்றால் நான்கு வார வாடகை இழப்பு, கடைசிக் கால்வாசியில் ஒரே வாரம். ஏரியா ஒத்துவராவிட்டால் அந்தப் பணம் போனால் போகட்டும்.

ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று உன் அப்பத்தா இருந்தால் குறுக்கே நின்றிருப்பார். நான் சொல்லமாட்டேன், நல்ல வீடு ஆவணி வரை உனக்காகக் காத்திருக்காது. பாலைப் பொங்கவிடு, சாம்பிராணி மட்டும் போடாதே, புகை அலாரம் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

நான்கு ஏரியாக்களைத் தேர்ந்தெடுத்து, தெருவில் நடந்துகொண்டே வீடியோ அழைப்பில் மருமகளிடம் காட்டு. அவள் வேண்டாம் என்றால் காரணம் கேட்டு வாதாடாதே. பாப்பாவின் தடுப்பூசி அட்டை என் பீரோவில்தான் இருக்கிறது; பள்ளியில் சேர்க்கும்போது கேட்பார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா