மேயர்ஹாஃப் குடும்பத்தின் தருமக் கணக்கு

பால்டிமோர்,
நவம்பர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது.

நாலு லேஅவுட் முடித்தாகிவிட்டது, இனி ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், பைபாஸ் நிலத்தில் ஒரு மண்டபம் கட்டலாமா என்று பார்க்கிறேன், அமெரிக்காவில் பெரிய பில்டர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று விவரமாக எழுது என்று கேட்டிருந்தீர்கள். வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே மேயர்ஹாஃப் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் கணக்கை ஒழுங்காகப் பார்த்தாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ஜோசப் மேயர்ஹாஃப் 1899-ல் இன்றைய உக்ரைனில் பிறந்த யூதர். 1906-ல், ஏழு வயதில், குடும்பத்தோடு கப்பலேறி பால்டிமோர் வந்தவர். சட்டம் படித்தார், ஆனால் கோர்ட்டுப் பக்கம் போகாமல் வீடு கட்டும் தொழிலில் இறங்கினார். தனி வீடுகள், அடுக்குமாடிகள், கடைவளாகங்கள் என்று வளர்ந்து, 'மான்யுமென்டல் பிராப்பர்ட்டீஸ்' என்ற பெரிய கம்பெனி ஆனது. 1970-களின் கடைசியில் அதன் சொத்துகளை விற்றுக் கணக்கை முடித்தார்கள். ஜோசப் 1985-ல் காலமானார்.

அந்தக் காலத்து பால்டிமோர் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். ரோலண்ட் பார்க் கம்பெனி என்ற பெரிய மனை வியாபாரக் கம்பெனி, கறுப்பினத்தவர் இங்கே குடியிருக்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி விற்றது. யூதர்களுக்கும் மனை கொடுக்காது. இப்படிப்பட்ட ஷரத்துகளைக் கோர்ட் மூலம் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1948-ல்தான். யூதர்கள் வடமேற்காக, பார்க் ஹைட்ஸ் சாலையைப் பிடித்துக்கொண்டே பைக்ஸ்வில் வரை குடியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அந்தச் சாலையில் குடும்பம் குடும்பமாக ஜெப ஆலயத்துக்கு நடந்து போவார்கள். சப்பாத் என்ற அவர்கள் ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் கார் ஓட்டக் கூடாது.

யூதர்கள் கொடுப்பதற்குச் சொல்லும் சொல் 'ட்செதாக்கா'. நீதி என்று பொருள்படும் 'ட்செதெக்' என்ற வேரிலிருந்து வந்தது. நாம் தருமம் என்ற ஒரே சொல்லில் அறத்தையும் பிச்சையிடுவதையும் சேர்த்துச் சொல்கிறோமே, அப்படித்தான். ஆகவே கொடுப்பது அவர்களுக்குப் பெருந்தன்மை இல்லை, கடன். பத்தில் ஒரு பங்கு நடுத்தரம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாழும் காலத்தில் கொடுக்காதே, கொடுத்துவிட்டு நீயே கையேந்தி நிற்காதே என்று அவர்கள் சமயச் சட்ட நூலான தால்முத் சொல்கிறது. 12-ம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்ற ஞானி கொடையை எட்டுப் படியாக வரிசைப்படுத்தினார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒருவருக்கு வேலையோ கடனோ தொழிலில் பங்கோ கொடுத்து அவர் இனி யாரிடமும் போகாதபடி நிறுத்திவிடுவது.

வசூலிக்கும் முறையைக் கவனியுங்கள், நம் சங்கத்துக்கும் ஆகும். இந்த ஊர் யூதர்களின் பொது நிதிக்கு 'தி அசோசியேட்டட்' என்று பெயர், 1920-லிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், அகதி உதவி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கதவைத் தட்டாமல் வருடத்துக்கு ஒரு பொது வசூல், பிறகு கமிட்டி உட்கார்ந்து பங்கீடு. கேட்கப் போகிறவர் முதலில் தன் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போக வேண்டும். ஒருவரிடம் கேட்க அவருக்குச் சமமான வசதியுள்ள ஒருவரைத்தான் அனுப்புவார்கள். கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேட்க வேண்டும், "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று சொன்னால் முடிந்ததில் பாதிகூட வராது. அந்த நாளில் விருந்து வைத்து, ஒவ்வொருவர் பெயர் எழுதிய அட்டையையும் சபையில் உரக்கப் படிப்பார்கள். பெயர் வந்ததும் எழுந்து தொகையைச் சொல்ல வேண்டும். இதில் கூச்சமும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு, பல இடங்களில் இப்போது விட்டுவிட்டார்கள். சபையில் வீறாப்பாகச் சொன்ன தொகை முழுசாகக் கைக்கு வராது என்பதும் உண்மை. எழுத்தில் தவணையும் தேதியும் வாங்காவிட்டால் வாக்கு காற்றில் போய்விடும்.

ஜோசப் மேயர்ஹாஃப் இந்தப் பள்ளியில் தேர்ந்தவர். 1961 முதல் 1964 வரை, யூதர்களுக்காக நாடு முழுவதும் நிதி திரட்டும் யுனைடெட் ஜூயிஷ் அப்பீல் என்ற அமைப்புக்குத் தலைவராக இருந்தார். இஸ்ரேல் கடன் பத்திர விற்பனையிலும் அவர் கை உண்டு. அதோடு பால்டிமோர் சிம்பொனி இசைக்குழுவுக்கு 1965 முதல் 1983 வரை தலைவர். குழுவுக்குச் சொந்த அரங்கு இல்லை, லிரிக் என்ற பழைய தியேட்டரில் மற்றவர்களோடு பங்கு போட்டு வாசித்துக்கொண்டிருந்தது. சொந்த அரங்குக்கு ஆன செலவு 2 கோடி டாலருக்கு மேல். அதில் 1 கோடி டாலருக்கு மேல் மேயர்ஹாஃப் கொடுத்தார், அரசாங்கமும் பங்கு போட்டது. 1982 செப்டம்பர் 16-ல் திறந்தார்கள். 2,443 இருக்கை. உள்ளே எல்லாம் வளைவு, செங்குத்து மூலையாக எதையும் விடவில்லை. தட்டைச் சுவர் இரண்டு எதிரெதிரே நின்றால் ஒலி பந்து மாதிரி இங்குமங்கும் அடித்து எதிரொலியாகும் என்பதற்காக அப்படி. ஆனால் வளைவிலும் ஒரு தொல்லை உண்டு, சில இடத்தில் ஒலியைக் குவித்துவிடும். பிற்காலத்தில் ஒலியமைப்பில் மறுபடி வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒலி வல்லுநரைச் சுவர் எழும்பிய பிறகு கூப்பிட்டால் பயனில்லை, வரைபடத்திலேயே உட்கார வைக்க வேண்டும். மண்டபம் என்று தீர்மானித்தால் இதை மறக்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு நல்ல அரங்கு இருந்தும் 2019 கோடையில் நிர்வாகம் வாத்தியக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவடைப்பு செய்தது. வருடத்தில் எத்தனை வாரத்துக்குச் சம்பளம் என்பதுதான் தகராறு. செப்டம்பர் வரை இழுத்தது. கட்டிடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், ஏனென்றால் பெயர்ப்பலகை வைக்கலாம். கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை கிடையாது. அதனால் இங்கே விவரம் தெரிந்தவர்கள் கட்டிடத்தோடு சேர்த்து ஒரு அழியா நிதியும் கேட்கிறார்கள். கோயிலில் கட்டளை வைப்பது போலத்தான். முதலைத் தொடக் கூடாது, வருடத்துக்கு 4 அல்லது 5 சதவீதம் மட்டும் எடுக்கலாம், மீதி விலைவாசியை ஈடுகட்ட முதலோடு சேர வேண்டும். உங்கள் மண்டபத்துக்கு வாட்ச்மேன், சுத்தம், கரண்ட், லிஃப்ட் பராமரிப்பு, வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்து வருடம் 12 லட்சம் என்று வையுங்கள். 4 சதவீதத்தில் அது வர 3 கோடி முதல் வேண்டும். பேங்க் 7 சதவீதம் தருகிறதே என்று அந்த 7 சதவீதத்தையும் செலவு செய்தால், பதினைந்து வருடத்தில் அந்த 3 கோடிக்கு விலைவாசி ஏறி, இன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட பாதிதான் நிற்கும். நம் ஊரில் டிரஸ்ட் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று ஒரு விதி இருப்பதால், இந்த மீதியை எப்படிச் சேர்ப்பது என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பில்டர்கள் இங்கே இவ்வளவு கொடுப்பதற்கு வரியும் ஒரு காரணம். பழைய விலைக்கு வாங்கிய சொத்தை விற்றால் லாபத்துக்கு வரி. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தை அப்படியே பொதுத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்தால் அந்த வரி இல்லை, அன்றைய சந்தை விலையை வரிக்கான வருமானத்திலிருந்து கழித்தும் கொள்ளலாம். அந்த வருட வருமானத்தில் 30 சதவீதம் வரைதான் கழிக்க முடியும், மீதியை அடுத்த ஐந்து வருடத்துக்குக் கொண்டுபோகலாம். பணமாகக் கொடுத்தால் 60 சதவீதம். நம் ஊரில் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) பணத்துக்கு மட்டும்தான், பொருளுக்கு இல்லை, அதனால் இதை அப்படியே நகலெடுக்க முடியாது.

ஆனால் சொத்தாகக் கொடுப்பதில்தான் காரியம் கெடுவதும் அதிகம். கட்டிடத்தின் மேல் அடமானம் பாக்கி இருந்தால், அந்தக் கடன் தொகைக்கு நீங்கள் விற்றதாகவே வரி இலாகா எடுத்துக்கொள்ளும். தருமமும் செய்து வரியும் கட்ட வேண்டிவரும். வாங்குபவரோடு பேசி முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, கிரயத்துக்கு முந்தின நாள் தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, விற்றது நீங்கள்தான் என்பார்கள். மதிப்பீடு கொடையின் தேதிக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. மதிப்பிடுபவருக்குச் சதவீதக் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது. 5,000 டாலரைத் தாண்டினால் இதெல்லாம் கட்டாயம், ஒரு தாள் குறைந்தாலும் வரிக்கழிவு முழுசாகப் போய்விடலாம். வாங்குகிற ஸ்தாபனமும் சும்மா வாங்காது. முன்னே பெட்ரோல் பங்க்கோ சாயப் பட்டறையோ இருந்த இடமா, மண்ணில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று சோதனை போடச் சொல்லும். சுத்தம் செய்யும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டலாம் என்ற பயம்.

ஓவியத்துக்கும் இதே கதை, கூடவே ஒரு கண்ணி. ஓவியத்தை மியூசியத்துக்குக் கொடுத்து, அது சுவரில் மாட்டிக் காட்டினால் முழு விலையும் கழிவு. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து அது ஏலத்தில் விற்றுவிட்டால் நீங்கள் வாங்கின விலை மட்டும்தான். மியூசியமே மூன்று வருடத்துக்குள் விற்றாலும் சிக்கல். வரைந்த ஓவியரே தன் படத்தைக் கொடுத்தால் துணிக்கும் வர்ணத்துக்கும் ஆன செலவைத் தவிர ஒன்றும் கழிக்க முடியாது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

மேயர்ஹாஃப் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட், அவர் மனைவி ஜேன் இருவரும் ஓவியத்தின் பக்கம் வந்தவர்கள். ராபர்ட்டும் கட்டுமானத் தொழில்தான். ஜாஸ்பர் ஜான்ஸ், எல்ஸ்வொர்த் கெல்லி, ராஷன்பர்க், லிக்டன்ஸ்டைன், ஸ்டெல்லா என்று தங்கள் காலத்து ஓவியர்களிடம் கவனத்தைக் குவித்து வாங்கினார்கள். ஊருக்கு ஒன்று என்று சிதறவிடாமல், சேகரிப்பை வாஷிங்டன் நேஷனல் கேலரிக்குத் தருவதாக 1987-ல் ஒப்பந்தம் போட்டார்கள்.

அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்த ஒரு தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்னெட் நியூமன், நியூயார்க்கில் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை, 1958 முதல் 1966 வரை வரைந்த 'சிலுவைப் பாதையின் நிலைகள்'. பதினாலு படம். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், கிட்டத்தட்ட 198 சென்டிமீட்டருக்கு 153. கறுப்பு, வெள்ளை, வெறும் துணி, அவ்வளவுதான். மனித உருவம் எங்கும் கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் துணியில் டேப் ஒட்டி அதன் மேல் தூரிகையை உலர உலர இழுத்து, பிறகு டேப்பை உரித்த தடம் தெரியும். நேர்க்கோட்டின் இரு விளிம்பிலும் கறுப்பு இறகுபோலச் சிலும்பி நிற்கும். இயேசு சிலுவையில் கேட்ட "லெமா சபக்தானி", ஏன் என்னைக் கைவிட்டீர், என்பதைத் துணைத் தலைப்பாக வைத்தார். அது யூதர்களின் 22-ம் சங்கீதத்து வரிதான். பூச்சில்லாத துணி என்பதால் யாராவது விரலால் தொட்டுவிட்டால் எண்ணெய் நூலில் ஊறிவிடும். இன்று தெரியாது, வருடங்கள் கழித்துப் பழுப்புக் கறையாக எழும்பும், கழுவி எடுக்கவும் வழியில்லை. இப்போது நேஷனல் கேலரியின் கிழக்குக் கட்டிடத்துக் கோபுர அறையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

ஜோசப்பின் மகன் ஹார்வி, வாஷிங்டன் யூதப் படுகொலை நினைவு மியூசியத்தின் கவுன்சிலுக்கு 1987 முதல் 1993 வரை தலைவர். நிலம் அரசாங்கத்தது, கட்டிடம் முழுவதும் பொதுமக்கள் நன்கொடை. 1993 ஏப்ரலில் திறந்தது.

என்னைக் கேட்டால் அந்தக் குடும்பம் செய்ததில் மேலானது இவை எதுவும் இல்லை. 1988-ல் ராபர்ட்டும் ஜேனும் 5 லட்சம் டாலர் கொடுத்து, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் ஆரம்பித்த மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ் திட்டம்தான். முதலில் கறுப்பினப் பையன்களுக்கு, அறிவியல் படிப்புக்கு. அடுத்த வருடம் 19 பேர். பெண்கள் 1990-லும், எல்லா இனத்தவரும் 1996-லும் சேர்ந்தார்கள். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. வகுப்பு தொடங்குமுன் கோடையிலேயே வரவழைத்துக் கணக்கும் அறிவியலும் பாடம், சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் பழக்கம், முதல் வருடத்திலிருந்தே ஆராய்ச்சிக்கூடத்தோடு தொடர்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் தனியாகப் படித்து முதல் கெமிஸ்ட்ரி பரீட்சையில் சறுக்கியதும் பாடத்தையே மாற்றிவிடுகிறார்கள், அந்த இடத்தில் பிடித்து நிறுத்தினால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியில் முன்னே நின்ற கிஸ்மெக்கியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர். பத்திரத்தில் கறுப்பினத்தவர் கூடாது என்று எழுதி மனை விற்ற ஊரில், ஒரு பில்டர் வீட்டுப் பணம் இந்தக் காரியத்துக்குப் போனது. மைமோனிடீஸின் முதல் படி இதுதான்.

ஆகவே சித்தப்பா, மண்டபத்துக்கு அஸ்திவாரம் போடுமுன் மூன்று தாள் அனுப்புங்கள். பைபாஸ் நிலத்தின் வில்லங்கச் சான்று. பேங்க் கடன் பாக்கி, இன்றைய தேதிக்கு. கட்டிடம் முடிந்த பிறகு வருடத்துக்கு என்ன செலவாகும் என்று நம் மேஸ்திரியையும் மேனேஜரையும் உட்கார வைத்து எழுதிய பட்டியல், வெள்ளையடிப்பையும் தண்ணீர் மோட்டாரையும் விடாமல். நம் ஊர் பாலிடெக்னிக்கில் முதல் வருடத்தோடு படிப்பை விடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று பிரின்சிபாலைக் கேட்டு அதையும் சேர்த்து எழுதினால் நல்லது. மண்டபத்தையும் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

சித்தியை வெந்நீர் ஒத்தடத்தை விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மீனா