லோடு சரிதானா மக்கா

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுறது.

இங்க எல்லாரும் சுகம். உனக்க அம்மைக்கு முட்டுவலி குளிருல கூடியிருக்கு, குழித்துறைல காட்டி ஊசி போட்டாச்சி. ரப்பர் இலை உதிர ஆரம்பிச்சிட்டு, இனி கொஞ்ச நாளைக்குப் பால்வெட்டு கெடையாது. கிறிஸ்துமஸுக்கு நீ வருவேன்னு அம்மை முந்திரிக்கொத்து நெறைய போட்டு வச்சிருந்தா. வரல்ல. டியூட்டின்னா டியூட்டிதான். அத நான் கேக்கல்ல.

போன்ல பேசுனா "பெறவு கூப்பிடுதேன் அப்பா"ன்னு சொல்லி வச்சிருக. அதான் எழுதுறேன். இத பாதியில வைக்க முடியாதுல்லா.

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சி வந்ததும் கொச்சு டிவில ஒரு இங்கிலீஷ் கார் நிகழ்ச்சி போட்டான். டாப் கியராம். பழசு, 2010 கிறிஸ்துமஸ் சமயத்துல வந்தது. மூணு வெள்ளக்காரனுவ, ஒருத்தனுக்கும் வயசுக்கேத்த புத்தி இல்ல. கூரை மடக்குற ரெண்டு சீட்டு கார் ஆளுக்கொண்ணு வச்சிருக்கானுவ, ஒண்ணு மாஸ்டா, ஒண்ணு ஃபியட், ஒண்ணு பி.எம்.டபிள்யூ. மூணு ராஜாக்கள் கணக்கா கெழக்கேருந்து பெத்லகேமுக்குப் போவணுமாம். அதுக்கு முதல்ல இராக்குல போய் எறங்கணும். எதுல போறானுவன்னு பாத்தா, உனக்க விமானம், நீ லோடு கட்டுற அதே சரக்கு விமானம்! அந்தக் கண்ணாடி மூக்கக் கண்டதும் கொச்சு சாடி எழும்பிட்டான். "தாத்தா, இது அப்பாக்க ஐஎல்-76"ன்னு ஒரே கூப்பாடு. நம்ம பட்டாளத்துல அதுக்குக் கஜராஜுன்னு பேருங்கதும் அவன்தான் அம்மைக்குச் சொல்லிக் குடுத்தான். அம்மை கரண்டியோட ஓடி வந்தா. உனக்க வீட்டுக்காரி வரல்ல. அடுக்களைல பாத்திரம் தேய்ச்சிட்டே இருந்தா. பாத்திரமெல்லாம் காலையிலயே தேய்ச்சாச்சி.

உள்ள மூணு காரும் நிக்கிது. நாப்பது டன்னுக்கு மேல ஏத்துற வண்டி அது. இந்த மூணையும் சேத்தாலும் நாலு டன் தேறாது. பாக்குறவனுக்குக் கொஞ்ச லோடுதானேன்னு தோணும். நமக்குத் தெரியும், நெறஞ்ச லோட விட அரை லோடுதான் பொல்லாதது. நெறஞ்சது ஒண்ணையொண்ணு புடிச்சிக்கிட்டு நிக்கும். அரை லோடுக்கு ஓடுறதுக்கு எடம் இருக்கும். கொச்சுக்கு இதச் சொன்னேன். அவன் அவனுவளுக்க தமாசுக்குச் சிரிச்சிட்டு இருந்தான். நான் அந்தக் காருகளக் கட்டுனவன் எவன்னுதான் தேடுனேன். என் கண்ணுல படல்ல. அவனுவ பேசிப் பேசிச் சிரிக்கானுவ, எவனோ ஒருத்தன் குனிஞ்சி சங்கிலி மாட்டுனதாலதான் அந்தச் சிரிப்பு. அவன யாருக்குக் காணணும்?

நீ முதல்ல லீவுல வந்தப்ப சொன்னது எல்லாம் எனக்கு ஓர்மை உண்டு. அந்த வண்டிக்கு இருபது டயரு. பறக்கும்போதே டயருல காத்தக் கூட்டிக் கொறைக்கலாம்னு நீ சொன்னப்ப, பட்டாளத்துல போய் நல்லா அளக்கப் படிச்சிருக்கான்னு நெனச்சேன். பெறவு அது நெசம்னு தெரிஞ்சதும் சந்தையில ஒருத்தன விடாம சொன்னேன். மண்ணு தரையிலயும் எறங்கணும்னா அப்படித்தான வேணும். கூரையிலயே கிரேன் ஓடும்னும் சொன்ன. நான் மார்த்தாண்டத்துலருந்து லாரில ரப்பர்தடி ஏத்துன காலத்துல அப்படி ஒண்ணு இருந்திருந்தா எனக்க நடுமுதுகு இப்படி ஆயிருக்காது.

நல்லா ஓர்மை இருக்கு, 1988 நவம்பர்ல மாலத்தீவுல கலகம்னு ரேடியோல சொன்னாவ. இதே விமானம்தான் ராத்திரியோட ராத்திரியா ஆக்ராவுலருந்து பட்டாளத்த ஏத்திக்கிட்டு அங்க போய் எறங்குச்சி. நமக்குத் தெக்க, இந்தக் கடலுக்கு அந்தால இருக்க தீவு. நீ அப்ப தொட்டில்ல கெடந்த. அந்த விமானத்துக்குள்ள நீ ஒருநாள் லோட்மாஸ்டரா நிப்பேன்னு அன்னைக்கி எவனாவது சொல்லியிருந்தா, போடேன்னுருப்பேன். அருமனைல எத்தன பட்டாளக்காரன் இருந்தாலும், விமானத்துக்க உள்ள லோடுக்குப் பொறுப்புக்காரன் எனக்க மகன்னு நான் சொல்லுத விதமே வேற. அது உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், பெறவு தலைக்கனம் வந்துரும்.

இனி நான் சொல்ல வந்ததச் சொல்லுறேன். அந்த நிகழ்ச்சி முடிஞ்சதும் கொச்சுக்க போன்ல வேற ஒண்ணு வந்தது. 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தான்ல பாக்ரம்னு ஒரு எடம். உனக்கு இது தெரியாம இருக்காது. 747 ஒண்ணு, பயணிக விமானத்த சரக்குக்கு மாத்துனது, உள்ள அஞ்சு பட்டாளத்து வண்டி. ஒவ்வொண்ணும் பன்னெண்டு டன், பதினெட்டு டன். கெளம்பி மேல ஏறும்போதே கடைசியில நின்ன வண்டி கட்டு விட்டு வாலப் பாத்து ஓடிட்டு. பின்சுவர இடிச்சி ஹைட்ராலிக் குழாயையும் வாலுக்க கண்ட்ரோலையும் உடைச்சிட்டு. மூக்கு மேல தூக்கி, அப்படியே நின்னு, கீழ வந்தது. ரோட்டுல போன ஒரு காருக்க கேமராவுல அது பூரா பதிஞ்சிருக்கு. ஏழு பேரு. அதுல ஒருத்தன் லோட்மாஸ்டர்.

கட்டுன வார் போதாதாம். எத்தன வார் போடணும்ங்க கணக்கே அவனுவளுக்குக் குடுத்த புத்தகத்துல சரியா இல்லியாம். அப்ப அந்த லோட்மாஸ்டர் புத்தகத்துல உள்ளபடிதான கட்டியிருப்பான்? எனக்கு ராத்திரி உறக்கம் இல்ல. பைய எழும்பி முத்தத்துல நடந்தேன். திரும்பி வந்து பாத்தா அடுக்களைல லைட்டு எரியிது, உனக்க வீட்டுக்காரி நிக்கா. நான் ஒண்ணும் கேக்கல்ல, அவளும் ஒண்ணும் சொல்லல்ல. கட்டன்சாயா போட்டுத் தந்தா.

மக்கா, சங்கிலிய ஒரு தடவ பாத்தா போதாது கேட்டியா. கட்டுனதும் பாக்கணும், கொஞ்ச தூரம் ஓடுன பெறவு பாக்கணும். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டுற வரைக்கும் எந்த லோடும் கட்டுன மாதிரிதான் இருக்கும். முப்பந்தல் காத்து வந்து தட்டும்போதுதான் எது முறுக்கி இருக்கு, எது சும்மா கெடக்குன்னு தெரியும். நான் எப்பவும் காவல்கிணறுல ஓரங்கட்டி எறங்கிக் கயித்தத் தட்டிப் பாப்பேன். கிளீனர் பய பாத்துட்டேன்னு சொன்னாலும் எறங்கிப் பாப்பேன். உனக்கு நடுவானத்துல எறங்க முடியாது, அதனால உள்ளயே நடந்து பாக்கணும். கையால தொட்டுப் பாக்கணும், டார்ச் அடிச்சிப் பாத்தா பத்தாது. புத்தகத்துல நாலு சங்கிலின்னா நீ ஆறு போடு. சங்கிலி மிச்சம் புடிச்சி யாரும் வீடு கட்டல்ல.

லடாக்குல லேக்குப் போற சர்வீஸுக்கு வெள்ளன எழும்பணும்னு சொல்லுவ. உறக்கம் இல்லாம லோடு கட்டாத. கூட இருக்கவன் கட்டுனாலும் நீ ஒருக்கா தொட்டுப் பாரு. கோவத்துல இருக்கும்போது கட்டவே கட்டாத. கோவத்துல கட்டுற கட்டு பாக்கதுக்குத்தான் முறுக்கமா இருக்கும். இது எனக்குத் தெரிஞ்ச விசயம், புத்தகத்துல இருக்கோ என்னமோ.

2016-ல தாம்பரத்துலருந்து போர்ட் பிளேருக்குப் போன ஏஎன்-32ங்க பட்டாளத்து விமானம் காணாம போனப்ப, அது உனக்க வண்டி இல்லன்னு எவ்வளவு சொல்லியும் அம்மை சோறு திங்கல்ல. 2024-ல கடலுக்கடியில 3,400 மீட்டர் ஆழத்துல துண்டு கெடைச்சதுன்னு பேப்பர்ல வந்தது. நான் அந்தப் பேப்பர மடக்கி வச்சிட்டேன். ஆனா அவ படிச்சிட்டா. அன்னைக்கி நீ உடனே போன் பண்ணுன. அரை மணிக்கூறு பேசுன. அம்மைக்க பேச்சு தீருற வரைக்கும் வைக்கல்ல. அப்பல்லாம் நீ அப்படிப் பேசுவ.

பணம் வந்து சேந்தது. நான் கேக்கவே இல்லியே, எதுக்கு அனுப்புன? எனக்கு பென்சன் இல்லாட்டியும் ரப்பர் இருக்கு. கொச்சுவ இங்க உள்ள பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாக்கட்டுமான்னு உனக்க வீட்டுக்காரி அம்மைகிட்ட கேட்டிருக்கா. அங்க லீவு முடிஞ்சிருக்குமேன்னு அம்மைக்கு ஒரே வெப்ராளம். நான் அம்மைய வாய மூடச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. இது அவளுக்க வீடுதான், எத்தன நாள் இருந்தாலும். ஆனா கொச்சு தெனம் சாயங்காலம் அந்தக் கார் நிகழ்ச்சியவே திருப்பித் திருப்பிப் போடுதான். விமானம் வருத எடம் முடிஞ்சதும் நிப்பாட்டிருவான். மூணு பேரும் பெத்லகேமுக்குப் போய்ச் சேந்தானுவளான்னு அவனுக்குத் தெரியவே வேண்டாம்.

நேத்து எங்கிட்ட கேக்கான், விமானம் நின்ன பெறவு சங்கிலிய அவுக்கது அப்பாவா வேற ஆளான்னு. எனக்குத் தெரியல்ல. நீ அவன்கிட்ட நேருல சொல்லு. போன்ல ரெண்டு நிமிசத்துல சொல்லி முடியிற விசயம் இல்ல.

உனக்கு லீவு கெடைக்காதுன்னா நாங்க வாறோம். அம்மைக்கு முட்டுவலி இருந்தாலும் கீழ் பெர்த் கெடைச்சா வருவா. ஹிம்சாகர் ரயில்ல பாக்கச் சொல்லியிருக்கேன். நேந்திரங்காய் உப்பேரியும் கொஞ்சம் கொண்டாறேன், மட்டிப்பழம் அது வரைக்கும் தாங்காது. எனக்கும் அம்மைக்குமா ரெண்டு டிக்கெட் போடட்டுமா, இல்ல நாலா? அத மட்டும் நீயே போன் போட்டு, எங்கிட்ட இல்ல, உனக்க வீட்டுக்காரிகிட்ட கேட்டுட்டுச் சொல்லு. டிக்கெட் போடுற பையன் வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்கான்.

அன்புடன்,
அப்பா
அருமனை