பழைய தூண்களை என்ன செய்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகோயாவில் வேலை செய்யும் மகள் என்னை இசே கோயிலுக்கு அழைத்துப் போனாள். ஜப்பானியரின் ஷிந்தோ மரபில் சூரிய தேவி அமதெராசுவின் தலைமைக் கோயில் அது. எஸ்டேட் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவன் நான். சாமியைவிட மரத்தைத்தான் அதிகம் பார்த்தேன் என்று மகளுக்குக் குறை.

20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் புதுக்கோயில் எழுப்பி, அம்மனை அங்கே மாற்றுகிறார்கள். கி.பி. 690இல் தொடங்கிய வழக்கம். நடுவில் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய், மறுபடி தொடர்ந்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை. ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தூண்களை அடியில் கல் இல்லாமல் நேரே மண்ணில் நடுகிறார்கள், கூரைக்குப் புல் வேய்கிறார்கள். அப்புறம் எத்தனை நாள் தாங்கும்? ஆனால் அதனால்தான் இளைய தச்சனுக்கு மூத்தவனோடு வேலை செய்யும் வாய்ப்பு வருகிறது. வேலிக்கு வெளியே நின்று கூரையைத்தான் பார்க்க முடிந்தது, படியேறிவிட்டால் படம் எடுக்கவும் தடை. கழற்றிய பெருந்தூண்கள் கோயில் நுழைவிலுள்ள உஜி பாலத்தின் இரு முனையிலும் தோரண வாயிலாக நிற்கின்றன. அவற்றைத் தொட்டுப் பார்த்தேன். இழைப்பு அப்படி ஒரு நேர்த்தி.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் திருப்பணியின்போது தோட்டக் காலத்து மெர்பாவ் என்ற கெட்டி மரத்தூண்களை லாரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பினார்கள். சிமெண்டு போதுமாம். சரி, போகட்டும். இனிமேல் திருப்பணி செய்யும் நிர்வாகங்கள் பிரிக்கும் முன் அளவுகளையாவது குறித்து வைக்கட்டும். நல்ல மரத்தை ஒரு வாசற்காலுக்காவது பயன்படுத்தட்டும். உளி பிடிக்க ஆசைப்படும் பையன்கள் இருந்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டத் தச்சர்,
சுங்கை சிப்புட், பேராக்