கமலாவுக்கு, உன் மகளின் அடுத்த படிப்பு பற்றி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கம் போகவிடாதே. இங்கே லண்டனில் எல்லோரும் நலம். இவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அதற்கப்புறம் திருச்சிக்கு வந்துவிடுவதா இங்கேயே இருந்துவிடுவதா என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. காலையில் நாடகப் பள்ளியில் பாட்டு வகுப்புக்குப் பியானோ வாசிக்கிறேன், மதியத்துக்கு மேல் எங்கேயாவது ஆடிஷன் இருக்கும். குளிர் வந்தால் விரல் மூட்டுதான் கொஞ்சம் படுத்துகிறது.

மகளைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 2027 கோடையில் இங்கே படிக்கிற மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த நாடகம்) பட்டம் கைக்கு வந்துவிடும், அப்புறம் என்ன என்பதுதானே உன் கவலை? அண்ணா எம்பிஏ படி என்கிறார். அவளோ நடிப்பிலேயே இன்னொரு வருடம் முதுகலை படிக்கிறேன் என்கிறாள். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். அவளுக்கு வேறு ஒரு வழி தெரிகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், இங்கே இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கடைசி வருடம் முழுக்க எல்லோருடைய நினைப்பும் ஷோகேஸ் மேலேயே இருக்கும். நடிகர்களுக்கு வேலை பிடித்துத் தருகிற ஏஜென்ட்டுகளும் நடிகர் தேர்வு செய்பவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓரிரு நிமிடம்தான் மேடை. அன்றைக்கு ஏஜென்ட் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று பிள்ளைகள் அழுவதை வருடா வருடம் பார்க்கிறேன். அப்படியொன்றும் இல்லை. ஸ்பாட்லைட் என்று 1927 முதல் இருக்கிற நடிகர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு, பொது ஆடிஷன்களுக்குப் போய், மெதுவாக வேலை பிடித்தவர்கள் எத்தனையோ பேர். ஒன்றை மட்டும் அவளிடம் அழுத்திச் சொல்: முன்பணம் கேட்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் வேண்டாம். நடிகர் சங்கமான ஈக்விட்டியில் மாணவர்களும் சேரலாம், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து விளக்குவார்கள். இப்போதே சேர்ந்துவிடட்டும்.

லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற வெஸ்ட் எண்டில் வாரத்துக்கு 8 காட்சி. 1985-ல் தொடங்கிய லே மிசரபிள் போன்ற மியூசிக்கல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தம் முடிய முடிய நடிகர்கள் மாறுவதால் புதியவர்களுக்கு இடம் வருகிறது. ஆனால் அது பெரும்பாலும் குழுவோடு பாடி ஆடுகிற இடமாகவோ ஸ்விங் இடமாகவோதான் இருக்கும். ஸ்விங் என்பவர் தினமும் மேடைக்கு வரமாட்டார், குழுவில் யாருக்கு முடியாமல் போனாலும் அவருடைய இடத்தில் போய் நிற்பார். சமீபத்தில் ஒரு ஸ்விங் பெண் தன் நோட்டை எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு நிறம். மேடையின் முன்விளிம்பில் நடுவில் 0, இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். அதை வைத்து, எந்தப் பாட்டில் எந்த வரிக்கு வலது 4-ல் நிற்பது, எப்போது நாற்காலியை எடுத்துக்கொண்டு இடது 6-க்குப் போவது, கூட்டுப்பாட்டில் மேல்குரலா கீழ்க்குரலா என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். சில நாள் காட்சி நடுவிலேயே உடை மாற்றி உள்ளே போக வேண்டியிருக்கும். வெளியே போஸ்டரில் அவள் பெயர் கிடையாது. இருந்தாலும், குழுவின் நடனத்தைப் பார்த்துக்கொள்கிற டான்ஸ் கேப்டனாகவும் இயக்குநருக்கு உதவியாளராகவும் மேலே போகிறவர்களில் நிறையப் பேர் இந்த வேலையிலிருந்து வந்தவர்கள். இது தவிர ஊர் ஊராகப் போகும் டூர், கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பத்தோடு பார்க்கிற வேடிக்கை நாடகமான பேன்டோ, மாதக்கணக்கில் உல்லாசக் கப்பலில் பாடுவது எல்லாம் உண்டு. கப்பலில் சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள், சம்பளத்தில் ஒரு பங்கு மிஞ்சும்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் பேன்டோவில் சம்பாதிக்கும்போது இவள் மட்டும் ஏன் சும்மா இருக்கிறாள் என்று கேட்டிருந்தாயே, அதற்குக் காரணம் விசா. மாணவர் விசாவில் இருப்பவர்கள் தொழில்முறைக் கலைஞராகவோ சுயதொழிலாகவோ வேலை செய்யக் கூடாது. பாவம், அவளைத் திட்டாதே. பட்டம் முடிந்ததும் கிராஜுவேட் விசா வாங்கினால் அந்தத் தடை போய்விடும், மேடையேறிச் சம்பாதிக்கலாம். இதுவரை அது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான், அதனால் உன் மகளுக்கும் 18 மாதம்தான். அதைவிட முக்கியமானது, அந்த விசாவை ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் தருவார்கள், நீட்டிக்கவும் முடியாது. அதை இளங்கலைக்கு அப்புறம் வாங்குவதா, முதுகலைக்கு அப்புறம் வாங்குவதா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

நடிப்பில் முதுகலை என்பது, வேறு பாடம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அருமையான விஷயம். மூன்று வருடம் பாட்டும் ஆட்டமும் நடிப்பும் படித்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அதில் புதிதாகக் கிடைப்பது குறைவு. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை இன்னொரு வருடம் கட்டி அதையே வாங்க வேண்டுமா? வெளியே போய் நிற்கிற பயத்தில்தான் பாதிப் பிள்ளைகள் அதில் சேர்கிறார்கள்.

ஆனால் உன் மகளிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. ஏழு வயதிலிருந்து நீ உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த பியானோ. போன ஈஸ்டருக்கு இங்கே வந்தபோது, என் மேஜையில் கிடந்த ஒரு புது நோட்டேஷனை எடுத்து, முன்பின் பார்க்காமல் வாசித்துக்கொண்டே பாடினாள். நடுவில் சுருதியை ஒரு கட்டை இறக்கி வாசி என்றேன், இறக்கி வாசித்தாள். ஆடிஷனுக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தாங்கள் பாடப்போகிற பாட்டுத் துண்டான 16 பார் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று என்னிடம் சொல்லக்கூடத் தெரியாது. அவள் மியூசிக்கல் டைரக்டராக வேண்டியவள், கமலா. ஒத்திகையில் எல்லோருக்கும் குரல் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது, காட்சியன்று ஒரு கையால் கீபோர்டு வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் வாத்தியக் குழுவை நடத்துவது, இதுதான் அந்த வேலை. நடிக்கத் தெரிந்தவர் அதைச் செய்தால் மூச்சு விட எங்கே இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெண்கள் இன்னும் குறைவாக இருக்கிற இடம், அதனாலும் எனக்கு ஆசை.

அதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், அங்கேயே பெக்கம் பகுதியில் மவுண்ட்வியூ, கிளாஸ்கோவில் ராயல் கன்சர்வேட்டயர் ஆஃப் ஸ்காட்லாந்து, மூன்றிலும் மியூசிக்கல் தியேட்டரில் இசை இயக்கத்தைத் தனியாகப் படிக்கலாம். இதைப் படிப்பதானால் இளங்கலை முடிந்த கையோடு மாணவர் விசாவிலேயே படித்துவிட வேண்டும். கிராஜுவேட் விசாவைத் தொடாமல் வைத்திருந்து முதுகலைக்கு அப்புறம் வாங்கினால், அந்த 18 மாதத்தில் பாடகியாகவும் பியானிஸ்டாகவும் இரண்டு வேலைக்கும் போகலாம். விண்ணப்பத்தை வருகிற இலையுதிர்காலத்திலேயே தொடங்க வேண்டியிருக்கும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நாடக ஆசிரியராக ஒரு வருடம் பிஜிசிஇ என்கிற ஆசிரியர் பயிற்சி படிக்கலாம். நாடகத்தின் வழியாக மனதுக்குச் சிகிச்சை செய்கிற டிராமாதெரபி என்று ஒன்று உண்டு, முதுகலை முடித்து அரசுப் பதிவு பெற்றால்தான் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியும். மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, சிறை என்று வேலை இருக்கும். மனசுக்கு நிறைவான வேலை, ஆனால் முப்பது வயதுக்கு அப்புறம் போனாலும் நஷ்டமில்லை.

ஊருக்கே திரும்பி வந்தாலும் கெட்டுப்போகவில்லை என்று அண்ணாவிடம் சொல். ரகுமான் இசையமைத்த பாம்பே ட்ரீம்ஸ் 2002-ல் இங்கே அப்போலோ விக்டோரியாவில் வந்தபோது, இப்படி ஒன்றை நம் ஊரில் போட ஆளும் அரங்கும் எங்கே என்று நாம் பேசிக்கொண்டோம். இன்று மும்பையில் 2023-ல் திறந்த அம்பானி கலாசார மையத்துக்கு உலக மியூசிக்கல்கள் வருகின்றன, அங்கேயே தயாரித்தும் போடுகிறார்கள். சென்னையில் ரகுமானின் கேஎம் இசைக் கல்லூரி 2008 முதல் நடக்கிறது. குரலும் பியானோவும் மேடையும் மூன்றும் தெரிந்த ஆசிரியரை அப்படிப்பட்ட இடங்கள் விடமாட்டா.

எம்பிஏவை அண்ணா விட்டுக்கொடுக்கத் தயங்கினால், படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேலை பார்த்துவிட்டு நாடகத் தயாரிப்புப் பக்கம் போக நினைத்தால் அப்போது படிக்கட்டும் என்று சொல். இந்த வயதில் குரலுக்கும் விரலுக்கும் பயிற்சி விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. அவளை இங்கே வரச் சொல். ராயல் அகாடமி ஆடிஷனுக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று நான் விசாரித்து வைக்கிறேன், சேர்ந்து தயார் செய்யலாம். நீ அவளிடம் பேசிவிட்டு எனக்கு எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
வசந்தா