1944-க்கு முந்தைய பொலானி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சந்தைப் பொருளாதாரம் குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரை, ஹங்கேரியப் பொருளாதாரச் சிந்தனையாளர் கார்ல் பொலானியை 1944-இல் வந்த 'தி கிரேட் டிரான்ஸ்ஃபர்மேஷன்' நூலை மட்டும் வைத்து, சந்தையின் எதிரி என்று அறிமுகம் செய்து முடித்துவிட்டது. அந்நூல் வெளிவந்தபோது அவருக்கு 57 வயது. அதற்கு முன் புடாபெஸ்டிலும் வியன்னாவிலும் அவரை அலைக்கழித்த கேள்வி அறம் சார்ந்தது: கண்ணுக்கு எட்டாத ஒருவரை என் செயல் பாதித்தால், அதற்கு நான் பொறுப்பாளியா?

1908-இல் புடாபெஸ்ட் மாணவர்கள் தொடங்கிய கலிலியோ வட்டத்துக்கு அவரே முதல் தலைவர். திருச்சபையும் பெருநிலக்கிழார்களும் கோலோச்சிய ஹங்கேரியில், சுதந்திரச் சிந்தனையைப் பரப்புவதையும் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பதையும் அவ்வட்டம் தன் பணியாகக் கொண்டது. கட்சி அரசியலிலிருந்து விலகியே நின்றது. அவ்வாறு விலக்கி வைத்தது தன் தவறுதான் என்று பிற்காலத்தில் அவரே ஏற்றுக்கொண்டார். பழியைக் காலத்தின் மீது போட்டுவிட்டு நகர்ந்துவிடாத இந்தக் குணம் அவருடைய சிந்தனையிலும் இருக்கிறது.

1919-இல் வியன்னாவுக்குச் சென்ற பின், 1927-இல் சுதந்திரம் பற்றி எழுதியபோது, ஒரு பழைய கதையை அவர் எடுத்துக்கொள்கிறார்: ஒரு பொத்தானை அழுத்தினால் நினைத்தது கைக்கு வரும், ஆனால் தொலைதூரச் சீனாவில் முகமறியாத ஒருவர் இறப்பார். கடையில் விலை கொடுத்துப் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் இன்று அந்தப் பொத்தானுக்கு முன்னால்தான் நிற்கிறோம் என்பது அவர் வாதம். பொருளுக்குப் பின்னால் உள்ள உழைப்பையும் வருத்தத்தையும் விலை மறைத்துவிடுகிறது. மறைந்ததற்குப் பொறுப்பேற்பது எப்படி? பொறுப்பிலிருந்து விடுபடுவதை அல்ல, பொறுப்பை அறிந்து சுமப்பதையே அவர் சுதந்திரம் என்றார்.

சோசலிசத்தில் பொருளாதாரக் கணக்கிடல், அதாவது சந்தை விலைகள் இல்லாமல் எதை என்ன செலவில் உற்பத்தி செய்வது என்று கணக்கிடுவது, இயலாது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் 1920-இல் வாதிட்டதற்கு, பொலானி 1922-இல் எழுதிய மறுமொழியும் இதே அக்கறையில் பிறந்ததே. உற்பத்தியாளர் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் நேருக்கு நேர் பேசி விலைகளை முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர். எல்லாவற்றையும் மேலிருந்து ஆணையிடும் மையத் திட்டமிடலை அவர் ஏற்கவில்லை. சங்கங்கள் பேசி விலையை முடிவு செய்யும் அவருடைய ஏற்பாடு ஒரு பெரிய நாட்டில் நடந்தேறுமா என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஆயினும், அவருடைய 1944 நூலின் கடைசி அத்தியாயம் சிக்கலான சமூகத்தில் சுதந்திரம் என்ன ஆகும் என்ற கேள்விக்கே திரும்புகிறது. கட்டுரையாளர் அந்த அத்தியாயத்தைத் தொடவே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி